மாட்டுக்குப் புழு மருந்து கொடுக்க எந்தக் கருவி? முதல்ல பாட்டில் லேபிளைப் படிங்க!

[திரையில்: ஒரே மாடு. இடது பக்கம் 17.5 மில்லி, வலது பக்கம் 105 மில்லி]

ஒரே மாடு. எடை 350 கிலோ. ஒரு மருந்து பதினேழரை மில்லி போதும்ங்குது. இன்னொண்ணு 105 மில்லி ஊத்தச் சொல்லுது. ரெண்டுமே குடற்புழு மருந்துதான், ரெண்டு அளவுமே சரிதான்! இந்த வித்தியாசம் தெரியாம கடைக்குப் போனா, கடைக்காரர்கிட்ட எந்த மருந்துத் துப்பாக்கி (கைப்பிடியை அழுத்தினா மாட்டு வாயில மருந்தைப் பீய்ச்சற கருவி) மீந்து கிடக்குதோ அது உங்க தலையில விழும்.

வணக்கம் நண்பர்களே. புழு இருந்தா பால் குறையும், கன்னு வயிறு பெருத்து முடி சிலிர்த்து நிக்கும். இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான், முன்னுரை முடிஞ்சுது. கணக்குக்கு வருவோம்.

[திரையில்: கரும்பலகை]

10 சதவீத ஃபென்பெண்டசோல் திரவத்துல ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கு. கிலோவுக்கு 5 மில்லிகிராம்னு வெச்சா, 350 கிலோ மாட்டுக்கு 1750 மில்லிகிராம். நூறால வகுத்தா 17.5 மில்லி. அடுத்து 2.5 சதவீத ஆல்பெண்டசோல். மில்லிக்கு 25 மில்லிகிராம்தான். கிலோவுக்கு ஏழரை மில்லிகிராம்னா மொத்தம் 2625. இருபத்தஞ்சால வகுத்தா 105 மில்லி. டாக்டர் கிலோவுக்கு 10 மில்லிகிராம் எழுதியிருந்தா அதுவே 140 மில்லி. அதே ஃபென்பெண்டசோலையே 2.5 சதவீதத்துல வாங்கினா 70 மில்லி ஆயிடும். அதனால "புழு மருந்து 20 மில்லி"ன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றதுக்கு அர்த்தமே இல்ல. எத்தனை சதவீதம்னு கேளுங்க.

எந்த மருந்து, எவ்வளவுங்கறதை டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க. மாடு சினையா இருந்தா அதையும் சொல்லிடுங்க, சினை பிடிச்ச ஆரம்பத்துல ஆல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது. பாலை எத்தனை நாள் கழிச்சு விக்கலாம்னு லேபிள்ல இருக்கும், அதைப் பாருங்க.

எடையைக் கண்ணால மதிக்காதீங்க. இஞ்ச் டேப் எடுங்க. முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சுச் சுற்றளவு, தோள்பட்டை முனையில இருந்து பின் இடுப்பெலும்பு முனை வரைக்கும் நீளம். சுற்றளவை அதே சுற்றளவால பெருக்கி, நீளத்தால பெருக்கி, 660-ஆல வகுத்தா கிட்டத்தட்ட எத்தனை கிலோன்னு வந்துடும். சுற்றளவு 65 இஞ்ச், நீளம் 55 இஞ்ச் இருந்தா 352 கிலோ. குறைச்சு மதிப்புப் போட்டு, குறைச்சு மருந்து கொடுத்தா, சாகாம தப்பிச்ச புழு முட்டை போட்டுப் பெருகும். அதுல இருந்து வர்ற புழுக்களுக்கு அப்புறம் அதே மருந்து வேலை செய்யாது.

சரி, கருவி.

வீட்ல ரெண்டு மூணு மாடு மட்டும்தானா? துப்பாக்கியே வேண்டாம். ஊசி போடாத, மூக்கு நீண்ட 50 மில்லி இல்ல 60 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்ச் போதும். 105 மில்லிக்கு 60 மில்லி சிரிஞ்சை ரெண்டு தடவை, 50 மில்லின்னா மூணு தடவை ரொப்பணும், அவ்வளவுதானே! இந்த சேனல்ல எதையாவது விக்கறதுதான் வழக்கம்னு நினைச்சவங்க மன்னிக்கணும்.

பத்து மாட்டுக்கு மேல இருந்தா துப்பாக்கி வாங்கலாம். துப்பாக்கியோட பீப்பாய்ல, அதாவது மருந்து நிரம்பற குழல்ல, ஒவ்வொரு தடவையும் மருந்தை இழுத்து நிரப்பறது ஒரு வகை. முதுகுல மாட்டற பையில இருந்து குழாய் வழியா தானா நிரம்பறது இன்னொண்ணு. பீப்பாய் எவ்வளவு பெருசு வேணும்னு கேட்டா, ஒரு மாட்டோட அளவு ஒண்ணு ரெண்டு அழுத்தத்துல முடியணும். அஞ்சு தடவை அழுத்தறதுக்குள்ள மாடு பொறுமை இழந்துடும், நீங்களும் எண்ணிக்கையை விட்ருவீங்க. அதுக்காக எல்லாத்துக்கும் 70 மில்லி துப்பாக்கி வாங்கிடாதீங்க. அதுல கன்னுக்குட்டிக்கு 5 மில்லி கொடுக்கும்போது ஒரு மில்லி பிசகினாலே 20 சதவீதம் தப்பு. லெவாமிசோல் மாதிரி கொஞ்சம் கூடினாலே வாயில நுரை தள்ள வைக்கற மருந்துல இது விளையாட்டு இல்ல. கன்னுக்குத் தனியா 10 மில்லி சிரிஞ்ச் வெச்சுக்கோங்க. பெரிய உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாவே கன்னுக்குப் போயிடும், அதனாலதான் பிறந்து 10, 15 நாள்லயே முதல் மருந்து. அந்த வயசுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்ல.

[திரையில்: மாட்டு வாயின் குறுக்குவெட்டுப் படம்]

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். கடையில எல்லாரும் கைப்பிடியைப் பிடிச்சுப் பாக்கறாங்க, நீங்க மூக்கைப் பாருங்க! துப்பாக்கியோட மூக்கு.

மாட்டு நாக்கைப் பாருங்க. முன்பாதி தட்டையா இருக்கும், பின்பாதியில வேகத்தடை மாதிரி ஒரு மேடு எழும்பியிருக்கும். மருந்து இந்த மேட்டைத் தாண்டி விழணும். தாண்டலைன்னா ரெண்டு வம்பு. ஒண்ணு, நாக்கைச் சுழட்டி வெளியே துப்பிடும். ரெண்டாவதுதான் சுவாரஸ்யம். வாயோட முன்பக்கத்துல பீய்ச்சினா, கன்னு பால் குடிக்கும்போது மூடற அந்த உணவுக்குழாய்ப் பள்ளம் மூடிக்கலாம். அப்ப மருந்து முதல் வயித்துல தங்காம நேரா நாலாவது வயித்துக்குப் போயிடும். ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் ரெண்டும் முதல் வயித்துல தங்கி, கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, புழுவோட நீண்ட நேரம் மல்லுக்கட்டணும். சீக்கிரம் போயிட்டா வேலை பாதிதான். மருந்து முழுசா உள்ள போயும் புழு சாகலைன்னா இதுவும் ஒரு காரணம்.

அதனால மூக்கு நீளமா, லேசா வளைஞ்சு இருக்கணும். நுனி உருண்டையா இருக்கணும். வாங்கும்போது நுனியை உங்க உதட்டு உள்பக்கத்துல தேய்ச்சுப் பாருங்க (கழுவிட்டுத்தான், சாமி!). துளி பிசிறு தட்டினாலும் திருப்பிக் கொடுத்துடுங்க. அந்தப் பிசிறு தொண்டையைக் கீறினா சீழ் கட்டும். ரெண்டு மூணு நாள் கழிச்சுத் தாடைக்கடியில வீங்கி, எச்சில் ஒழுகி, வாய் நாத்தம் அடிச்சு, மாடு தீனி எடுக்காது. அப்ப மருந்துதான் ஒத்துக்கலைன்னு பழி போடுவோம்.

கண்ணாடி பாட்டில்? கடைவாய்ப் பல்லுக்கு நடுவுல அது ஒரு நொடி கூடத் தாங்காது. காலி குவார்ட்டர் பாட்டிலுக்கு ஊர்ல வேற உபயோகம் இருந்தா சொல்லுங்க, இது வேண்டாம்.

[திரையில்: மாட்டின் தலை, பக்கவாட்டில்]

துப்பாக்கி மூக்கை நேரா முன்னாடி இருந்து விடாதீங்க. வாய் ஓரத்துல, முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவுல பல்லே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு, அது வழியா விடுங்க. மாட்டுத் தலை கிடைமட்டமா இருக்கட்டும், மாட்டோட மூக்கு நுனி அதோட கண் மட்டத்துக்கு மேல போகக் கூடாது. மூக்கணாங்கயித்தை வானத்தைப் பாக்க இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஊத்தறது, நாக்கை வெளியே இழுத்து வெச்சுக்கிட்டு ஊத்தறது, ரெண்டுமே முழுங்க விடாது. மருந்து மூச்சுக்குழாய்ல இறங்கிடும், நுரையீரல் கெடும். இருமுச்சா உடனே தலையை விட்ருங்க, கீழ தொங்கட்டும். இருமல் நின்னப்புறம் மீதி.

அளவு சரியா வருதான்னு சோதிக்கத் தண்ணியை வெக்காதீங்க, கொடுக்கப்போற மருந்தையே வைங்க. பாட்டிலை நல்லாக் குலுக்குங்க, அடியில படிஞ்சிருக்கறதுதான் மருந்து. துப்பாக்கியை 20 மில்லியில வெச்சு, அளவுக் குடுவையில பத்து தடவை அழுத்துங்க. 200 வரணும். 190-ல இருந்து 210 வரைக்கும் பரவாயில்ல. குறைஞ்சா குழாய்ல காத்து இருக்கும், இல்ல வால்வுல மருந்து கெட்டியாப் படிஞ்சிருக்கும், இல்ல வாஷர் போயிருக்கும். இன்னொரு காரணம் உங்க கை. கெட்டி மருந்து மெதுவாத்தான் ஏறும். கைப்பிடியைப் படக்குன்னு விட்டா மருந்துக்குப் பதிலா காத்து ஏறிக்கும். சோதிச்ச மருந்தை வீணாக்க வேண்டாம், திரும்பப் பைக்குள்ளேயே ஊத்திக்கலாம்.

மாத்திரைப் பிரியர்களுக்கு ரெண்டு வார்த்தை. வெல்லத்துல பொடிச்சுக் கொடுக்கறது நல்ல யோசனைதான், மாடு வெல்லத்தை மட்டும் நக்கிட்டு மீதியைத் தொட்டியில விடாத வரைக்கும். மாத்திரைத் துப்பாக்கி வாங்கறவங்க, உங்க மாத்திரையையும் கடைக்குக் கொண்டு போங்க. துப்பாக்கியோட தலைப்பகுதியில மாத்திரை தானா விழாம நிக்கணும், அழுத்தினா சிக்காம வெளியே வரணும். மெல்லிய பிளாஸ்டிக் தலைன்னா கடிச்சுடும், பிளந்த விளிம்பு தொண்டையைக் கிழிக்கும். நாக்கு மேட்டைத் தாண்டினதும் அழுத்துங்க, அதுக்கு மேல திணிக்காதீங்க. முழுங்கற வரைக்கும் வாயை விடாதீங்க. விட்டதும் நாக்கால மூக்கை நக்கினா உள்ள போச்சுன்னு அர்த்தம். பெரிய மாத்திரையை கன்னுக்குக் கொடுத்தா தொண்டையில அடைச்சுக்கும், வேண்டவே வேண்டாம்.

வேலை முடிஞ்ச உடனே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியை இழுத்து இழுத்து விடுங்க, அப்புறம் நல்ல தண்ணி. வாஷருக்கு ரெண்டு சொட்டு சிலிக்கான் எண்ணெய். வண்டிக்குப் போடற கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிடும். வாங்கும்போதே உதிரி வாஷர் செட் ஒண்ணு சேத்து வாங்கிடுங்க. "உதிரி கிடைக்காதுங்க"ன்னு கடைக்காரர் சொன்னா, அந்தத் துப்பாக்கியை அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க. உங்க பாட்டில்ல எத்தனை சதவீதம் போட்டிருக்குன்னு இப்பவே போய்ப் பாத்துட்டு கமெண்ட்ல போடுங்க, மில்லி கணக்கை நான் போட்டுத் தர்றேன்.