உப்பை வேரிலேயே மடக்கும் கோதுமை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் கோதுமை விளைவதில்லை. ஆனால் ரொட்டி சானாய் இல்லாமல் நம்மில் பலருக்குப் பொழுது விடியாது. அந்த மாவுக்கான கோதுமை ஆஸ்திரேலியாவிலிருந்து நிறையவே கப்பலேறி வருகிறது. அங்கே பல வயல்களில் அடிமண் உப்பு.

உப்பு செடியை இரண்டு முறை அடிக்கிறது. உப்பு ஏறிய மண்ணிலிருந்து வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். இது உடனடி அடி. பிறகு உப்பிலுள்ள சோடியம் இலையில் சேரச் சேர, முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கருகும். எச்கேடி1;5 என்ற மரபணு தடுப்பது இந்த இரண்டாவது அடியைத்தான். அதன் உதவியால், வேரிலிருந்து மேலே ஏறும் சாற்றுக்குழாயின் ஓரத்துச் செல்கள் சோடியத்தை வழியிலேயே பிடித்து இழுத்துக்கொள்கின்றன. இதை மட்டும் வைத்துக்கொண்டு ‘உப்பைத் தாங்கும் கோதுமை’ என்று முழங்குவது கொஞ்சம் அவசரம்.

ரொட்டிக் கோதுமைக்கு இந்தக் காவல் ஓரளவு பிறவியிலேயே உண்டு. பாஸ்தாவுக்கான டியூரம் கோதுமைக்கு இல்லை. அதனால் டிரிட்டிகம் மோனோகாக்கம் என்ற பழைய கோதுமை இனத்திலிருந்து கலப்பு முறையில் அதைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ரானா மன்ஸ், மேத்யூ கில்லியம் குழுவினர் 2012-இல் வெளியிட்ட முடிவு: உப்பு வயலில் விளைச்சல் 25 விழுக்காடு வரை கூடியது, நல்ல வயலில் குறையவில்லை.

உப்பைத் தாங்கும் நாற்றுகளைச் சலித்தெடுப்பதில்தான் கை தேர வேண்டும். நாற்றுகளை வளர்க்கும் சத்துநீரில் இலக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்பு, கடல்நீரில் கால்வாசி. மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டினால் நல்ல ரகமும் சுருண்டுவிடும்; தெரிவது அதிர்ச்சிதான், தாங்குதிறன் அல்ல. வேளைக்கு ஒன்றரை கிராம், நாளுக்கு இரண்டு வேளை, மூன்று நாள் என்று ஏற்ற வேண்டும். கூடவே கால்சியம் குளோரைடும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேர்ச்சவ்வு கசிந்து எல்லா ரகமும் மோசமாகத் தெரியும். மூன்றாம் இலை விரிந்த பத்தாம் நாள் அதைக் கிள்ளி உலர்த்தி, சோடியத்தை அளக்கிறார்கள். எல்லாச் செடியிலும் அதே இலை, அதே வயது. இதில் பிசகினால் ஒப்பீடே வீண்.

வயலில் வேறு தொல்லை. உப்பு திட்டுத்திட்டாக இருக்கும். பத்தடி தள்ளினால் அளவு மாறும். ஒவ்வொரு பாத்தியின் மண்ணையும் அளக்காமல் ரகத்தைக் குறை சொல்லக் கூடாது. தண்ணீர் தேங்கும் இடமானால் இன்னும் சிக்கல்: மூச்சுமுட்டும் வேரால் சோடியத்தை வெளியே நிறுத்த முடியாது. அங்கே முதலில் வெட்ட வேண்டியது வடிகால்.