ஒரு சிறுநீரகம் பிறவியிலேயே இல்லை, விந்தில் ரத்தம் வருகிறது: இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி, 24 வயதுத் தம்பி ஒருவர் அனுப்பியது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் சொல்லவில்லை. அவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: "டாக்டர், எனக்கு இரண்டு வருடமாக விந்து வெளியேறும்போது அடியில் வலி, சில தடவை ரத்தம் கலந்து வருகிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது. இன்ஃபெக்ஷன் என்று சொல்லித் திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், கொஞ்ச நாள் குறையும், மறுபடி வரும். போன மாதம் வயிற்று ஸ்கேனில் இடது சிறுநீரகம் இல்லை என்று வந்தது, வலது நன்றாக இருக்கிறது, பயப்படாதே என்றார்கள். இரண்டும் ஒரே பிரச்சினையா? நான் கல்யாணம் செய்துகொள்ளலாமா?"

தம்பி, இரண்டும் ஒரே பிரச்சினையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒரு சிறுநீரகத்தோடு பிறப்பது அவ்வளவு அபூர்வம் இல்லை, ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி இருக்கும், அவர்களில் பெரும்பாலானோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஆனால் இளைஞர் ஒருவருக்கு ஒரு சிறுநீரகம் இல்லை, கூடவே இந்த மாதிரி வலியும் ரத்தமும் விட்டு விட்டு வருகிறது என்றால், இடுப்புக்குள்ளே, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் விந்துப்பையைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். கரு உருவாகும் முதல் சில வாரங்களில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் இருக்கும், வுல்ஃபியன் குழாய் என்று சொல்வோம். அதிலிருந்து முளைக்கும் ஒரு சின்ன மொட்டுதான் மேலே போய்ச் சிறுநீரகம் உருவாகத் தூண்டுகிறது. அதே குழாய்தான் ஆண் குழந்தையில் விந்துக்குழாயாகவும் விந்துப்பையாகவும் விந்து வெளியேறும் கடைசிக் குழாயாகவும் மாறுகிறது. அந்த ஒரு குழாயில் ஆரம்பத்திலேயே கோளாறு என்றால், அந்தப் பக்கம் சிறுநீரகமும் வராது, விந்துப்பையின் வாசலும் திறக்காது. விந்துப்பை சுரக்கிறது, வெளியே போக வழி இல்லை, உள்ளேயே தேங்கித் தேங்கி நீர்க்கட்டியாக வீங்குகிறது. சிறுநீரகம் இல்லாமை, அதே பக்கம் விந்துப்பைக் கட்டி, வெளியேற்றுக் குழாய் அடைப்பு, இந்த மூன்றும் சேர்ந்ததற்கு ஜின்னர் சின்ட்ரோம் என்று பெயர், ஜின்னர் என்ற மருத்துவர் 1914-இல் விவரித்தது.

பிறவிக் கோளாறு என்றால் சின்ன வயதில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். பருவ வயதுக்கு முன்னால் விந்துப்பை பெரிதாகச் சுரப்பதே இல்லை, அதனால்தான் 18, 20, 30 வயதில் வந்து நிற்கிறார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுய இன்பத்தால் இது வந்தது, நரம்புத் தளர்ச்சி, விந்து வீணாகிவிட்டது என்று யாராவது சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே நடந்த விஷயம் இது, உங்கள் மீது ஒரு தப்பும் இல்லை. வெட்கப்பட்டு இரண்டு வருடம் வலியைத் தாங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பையன்களை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, என்ன பரிசோதனை? சாதாரண வயிற்று ஸ்கேனில் கட்டி தப்பிப்போகலாம், சில நேரம் சிறுநீர்ப்பையின் பிதுக்கம் என்று எழுதிவிடுவார்கள். ஆசனவாய் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டில் நன்றாகத் தெரியும். ஆனால் முடிவாகச் சொல்வது இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. கட்டி விந்துப்பையில்தானா, உள்ளே ரத்தம் இருக்கிறதா, நடுக்கோட்டில் வரும் வேறு பிறவிக் கட்டியா, சுருங்கிப்போன சின்னச் சிறுநீரகம் எங்காவது ஒளிந்திருக்கிறதா, எல்லாவற்றையும் அதில் பிரித்துப் பார்க்கலாம். கூடவே சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிறுநீர் கல்ச்சர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, விந்துப் பரிசோதனை. விந்தின் அளவு 1.4 மில்லிக்குக் கீழே இருந்து, அமிலத்தன்மையும் இருந்து, விந்துப்பை சுரக்கும் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையும் இல்லை என்றால் இரண்டு பக்கமும் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகிப்போம். அளவு சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் ஜின்னர் இல்லை என்று ஆகிவிடாது, மறுபக்கம் திறந்திருந்தால் அளவு சாதாரணமாகவே வரும்.

சிகிச்சைக்கு வருவோம். தொந்தரவே இல்லாமல் தற்செயலாகத் தெரிந்த கட்டியைத் தொட வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் பார்த்தால் போதும். உங்களுக்குத் தொந்தரவு இருக்கிறது, அதனால் வேறு. ஊசி போட்டு நீரை எடுத்தால் உடனே நிம்மதியாக இருக்கும், ஆனால் அடைப்பு அப்படியே இருப்பதால் பெரும்பாலும் திரும்ப நிரம்பிவிடும், அதை நிரந்தரத் தீர்வாக நான் சொல்ல மாட்டேன். சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டு அடைப்பைத் திறந்துவிடுவது ஒரு வழி, சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குச் சிறுநீர் உள்ளே ஏறி மறுபடி இன்ஃபெக்ஷன் வரும். பெரிய கட்டி, விடாத வலி என்றால் லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ மூலமாக விந்துப்பையோடு சேர்த்து எடுத்துவிடுவது நல்லது. அந்த இடம் மலக்குடலுக்கும் விறைப்புக்கான நரம்புகளுக்கும் ரொம்பப் பக்கம், ஆகவே இதைச் செய்து பழகிய யூராலஜிஸ்ட்டிடம் போங்கள், ஆபரேஷனுக்கு முன்னால் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றியும் கேளுங்கள்.

கல்யாணம் தாராளமாகச் செய்துகொள்ளலாம். மறுபக்கக் குழாய் நன்றாக இருந்தால் இயற்கையாகவே குழந்தை பிறக்கும். இரண்டு பக்கமும் அடைப்பு என்றால்கூட விரையிலிருந்து விந்தணுவை எடுத்து, அதை ஆய்வகத்தில் நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் முயற்சி செய்யலாம், ஏனென்றால் பொதுவாக உற்பத்தியில் குறை இருக்காது, வழிதான் அடைபட்டிருக்கும்.

அப்புறம், இந்த வலிக்காக நீங்களாகவே மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரே சிறுநீரகம், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளை அடிக்கடி போட்டால் அதைக் கெடுக்கும். வருடம் ஒரு தடவை ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் பாருங்கள். குளிர் காய்ச்சலோடு வலி வந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் நின்றுவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், கட்டியில் சீழ் பிடித்திருக்கலாம். சிறுநீரகம் இல்லாமல் பிறப்பது சில குடும்பங்களில் தொடர்ந்து வரும், ஆகையால் கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.