ஆர்கெஸ்ட்ரா மேதைகளின் வாரிசு திரைப்படமே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அக்கா, அண்ணன்மார்களே, இந்தக் குளிரில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கோத்தகிரி வரை வந்திருக்கும் குன்னூர், ஊட்டி, கேத்தி சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆர்கெஸ்ட்ரா மேதைகளின் உண்மையான வாரிசு கச்சேரி மேடையா, திரைப்படமா என்பது இன்றைய தலைப்பு. திரைப்படமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அக்கா நன்றாகவே பேசினார். கச்சேரி மேடையில் இசைதான் ராஜா, படத்தில் அது வெறும் வேலைக்காரன், டைரக்டர் நீட்டச் சொன்னால் நீட்ட வேண்டும், வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டும், அப்படிக் கைகட்டி நிற்கிற இசை பீத்தோவனுக்கு எப்படி வாரிசாகும் என்று கேட்டார். கைதட்டலும் நிறைய வந்தது.

சரி அக்கா, பீத்தோவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஹேடனையே எடுத்துக்கொள்வோம். சிம்பொனியின், அதாவது முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற பெரிய இசைப் படைப்பின், தந்தை என்று உலகம் கொண்டாடுகிற ஜோசப் ஹேடன், எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் ஏறக்குறைய 30 ஆண்டு சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அரண்மனைச் சிப்பந்திகள் போடுகிற சீருடையைத்தான் அவரும் போட்டிருந்தார். பிரபு கேட்டதை, கேட்ட நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 1772-ல் பிரபு தன் கோடை மாளிகையை விட்டுக் கிளம்பவே இல்லை, வாத்தியக்காரர்கள் எல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்து தவித்துப்போய் ஹேடனிடம் வந்து முறையிட்டார்கள். ஹேடன் பிரபுவிடம் போய் வாய் திறந்து கேட்கவில்லை, ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு வாத்தியக்காரராகத் தன் பங்கை வாசித்து முடித்து, முன்னால் இருக்கிற மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஓபோ போகும், கொம்பு போகும், டபுள் பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் போகும், கூட்டம் கரைந்து கரைந்து கடைசியில் இரண்டே இரண்டு வயலின் மட்டும் மெல்ல வாசித்து முடிக்கும். பிரபுவுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள் என்று சொல்வார்கள்.

எஸ்டேட்டில் லீவு கேட்டு நின்ற அனுபவம் இந்த அரங்கில் பாதிப் பேருக்கு இருக்கும், அதனால் இந்த இசையின் அருமை உங்களுக்கு நன்றாகப் புரியும். லீவு கேட்டு எழுதிய சிம்பொனி அது! அதில் காட்சி இருக்கிறது, லைட்டிங் இருக்கிறது, நடிப்பு இருக்கிறது, ஒரு கதைக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. இதைப் பின்னணி இசை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அப்புறம் பீத்தோவன். 1824-ல் அரங்கேறிய அவருடைய ஒன்பதாவது சிம்பொனிகூட லண்டன் பில்ஹார்மானிக் சங்கம் 50 பவுண்டு தருவதாகச் சொல்லி ஆர்டர் கொடுத்ததுதான். மெண்டல்சனின் கல்யாண மார்ச், நாடகத்துக்குப் போட்டது. கிரீக்கின் பியர் கிண்ட் இசையும் நாடகத்துக்குத்தான். சாய்க்கோவ்ஸ்கியின் ஸ்வான் லேக் நடனத்துக்கு. 1913-ல் பாரிஸில் கலாட்டாவைக் கிளப்பிய ஸ்ட்ராவின்ஸ்கியின் வசந்தச் சடங்கும் நடனத்துக்கு எழுதியதே. கச்சேரி மேடை இன்று தன் சொத்து என்று சொல்கிற பலவும் நாடக மேடையிலிருந்தும் நடன மேடையிலிருந்தும் எடுத்துப்போனவை. ஒரு தேவைக்காக, ஒரு கதைக்காக, நாள் குறித்து எழுதுவதுதான் இந்த மேதைகளின் தொழில் மரபு. அந்த மரபு இன்றைக்கு எங்கே நடக்கிறது? படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கிற ரீ-ரெக்கார்டிங் தியேட்டரில் நடக்கிறது.

நம் மலையிலேயே பாருங்கள். கோத்தர் பெருமக்கள் காலம் காலமாகக் குழலும் கொம்பும் மேளமும் வாசிக்கிறார்கள். சாமி கும்பிடவும் வாசிப்பார்கள், சாவுக்கும் வாசிப்பார்கள், தங்கள் ஊருக்கு மட்டுமில்லாமல் படுகர், தோடர் வீட்டுக் காரியங்களுக்கும் போய் வாசித்தவர்கள். சடங்குக்கு வாசித்ததால் அந்த இசை தாழ்ந்துபோய்விட்டது என்று யாராவது சொல்ல முடியுமா? என் காதுக்கு அந்தக் கொம்பின் ஓசை எந்த அரங்கத்து இசைக்கும் குறைந்ததில்லை.

அடுத்து ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். மலைக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இவருடைய ஆல்பைன் சிம்பொனியைக் கேட்க வேண்டும், இது என் வேண்டுகோள். 1915-ல் பெர்லினில் அரங்கேறியது, நூறு பேருக்கு மேல் வாசிக்கிற இசை, இடைவெளியே இல்லாமல் சுமார் 50 நிமிடம் ஓடும். இருட்டில் ஆரம்பிக்கிறது, மலைக்குப் பின்னால் சூரியன் எழுகிறது, ஆட்கள் ஏறத் தொடங்குகிறார்கள், காடு, ஓடை, அருவி, அப்புறம் ஒரு மேய்ச்சல் வெளி, அங்கே வயலின்களுக்கும் குழல்களுக்கும் நடுவில் நிஜமான மாட்டு மணிகள் கேட்கும், அதைக் கேட்டதும் எனக்கு அவலாஞ்சிப் பக்கத்துப் புல்வெளி கண்ணில் வந்து நின்றது. அப்புறம் வழி தவறுகிறது, உச்சியை எட்டுகிறார்கள், மூடுபனி எழும்புகிறது, மழைக்கு முன்னால் வருகிற அந்த அடைத்துக்கொண்ட அமைதி வருகிறது, இடி மின்னலோடு புயல் வெடிக்கிறது, காற்றுக்கும் இடிக்கும் தனித்தனியாக மெஷின் வைத்திருக்கிறார், நனைந்துகொண்டே இறங்குகிறார்கள், மறுபடி இரவு. மொத்தம் 22 காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு எழுதி வைத்திருக்கிறார். கேமரா ஒன்றுதான் இல்லை. ஊட்டியில் ஷூட்டிங் எடுத்து, பனிமூட்டம் விலகுகிற ஷாட்டுக்குக் கீழே வயலின் கூட்டத்தைப் போடுகிற ஒவ்வொரு இசையமைப்பாளரும் தெரிந்தோ தெரியாமலோ இந்த மனிதர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்.

படத்தில் இசை கைகட்டி நிற்கும் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1960-ல் சைக்கோ படம். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பதுதான் டைரக்டர் ஹிட்ச்காக்கின் முடிவு. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. படம் முழுக்கத் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதியவர், அந்தக் காட்சிக்கும் வயலின்களைக் கிறீச்சிட வைத்து எழுதிக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். கேட்டதும் ஹிட்ச்காக் தன் முடிவை மாற்றிக்கொண்டார். அக்கா, இங்கே யார் ராஜா, யார் வேலைக்காரன்?

படத்துக்கு இசையமைக்கிறவர்கள் பழைய மேதைகளைக் காப்பி அடிக்கிறார்கள் என்று அண்ணன் ஒருவர் சொன்னார். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய 'கிரகங்கள்' தொகுப்பில் செவ்வாய்க்கான பகுதி ஐந்து தட்டில் போகும். தகிட தா தா தக தா என்று தொடையில் தட்டிப் பாருங்கள், வந்துவிடும். வயலின்காரர்கள் வில்லைத் திருப்பி மரக்கட்டையால் தந்தியைத் தட்டுவார்கள், படை ஒன்று தூரத்தில் நடந்து வருவது போலிருக்கும். 1977-ல் ஸ்டார் வார்ஸுக்கு ஜான் வில்லியம்ஸ் எழுதியதில் அந்தச் சாயல் உண்டு, நான் மறுக்கவில்லை. கூடவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மெட்டு வைத்து, கதை மாறமாற மெட்டையும் மாற்றுகிற, ஓபரா என்ற இசை நாடகங்கள் எழுதிய வாக்னரின் முறையும் உண்டு. தாத்தா ஜாடை பேரன் முகத்தில் தெரிந்தால் அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் டைரக்டர் யாருடைய இசையையோ வைத்து எடிட் பண்ணிவிட்டு, இதே மாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்குகிற பழக்கம் இருக்கிறதே, அதை நான் ஆதரிக்க மாட்டேன். அது சோம்பேறித்தனம். அந்த 1977 இசையை எழுதியவரை 2020-ல் வியன்னா பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவே அழைத்துத் தன் மேடையில் நிறுத்தி வாசித்தது என்பதையும் எதிரணி குறித்துக்கொள்ளட்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். சலீல் சௌத்ரியின் அப்பா அசாம் தேயிலைத் தோட்டத்தில் டாக்டர். தோட்டத்து வீட்டில் இருந்த கிராமபோனில் மேல்நாட்டு சிம்பொனி இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த பையன், 1961-ல் சாயா என்ற இந்திப் படத்தில் மொசார்ட்டின் 40-வது சிம்பொனியின் தொடக்கத்தையே ஒரு காதல் பாட்டாக்கினார். நாடு முழுக்க முணுமுணுத்தார்கள்.

இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் பாக், பீத்தோவன், மொசார்ட் எல்லாம் நோட்ஸ் பார்த்துப் படித்தார். 1976-ல் அன்னக்கிளி. 1978-ல் சிட்டுக்குருவி படத்தில் 'என் கண்மணி' என்று ஒரு பாட்டு, எல்லோருக்கும் தெரியும். அதில் இரண்டு தனித்தனி மெட்டு வரிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஓடும், ஒவ்வொன்றையும் பிரித்துத் தனியாகப் பாடினாலும் அர்த்தத்தோடு நிற்கும், சேர்த்துப் பாடினால் மூன்றாவதாக ஒரு பாட்டு கிடைக்கும். எதிர்மெட்டு என்ற இந்தக் கலையில் பாக் சக்கரவர்த்தி. அதை ராஜா எங்கே வைத்தார்? டவுன் பஸ்ஸில், கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்லி இறங்கச் சொல்கிற சத்தத்துக்கு நடுவில்! இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த நம் குடும்பங்கள் லைன் வீட்டு ரேடியோவில் பாக்கின் கலையைக் கேட்டு ரசித்தது இப்படித்தான். ஐரோப்பாவில் எந்தக் கச்சேரி மேடை அந்த வாசல் வரை வந்தது?

கடைசியில் ராஜாவே சிம்பொனி வாசிக்கக் கச்சேரி மேடைக்குத்தானே போனார் என்று அக்கா கேட்டார். போனார். 2025 மார்ச் 8, லண்டன், ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா, வேலியன்ட் என்ற சிம்பொனி. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கை எங்கே பழகியது? ரீலைப் பார்த்த கையோடு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் எழுதி, அன்றைக்கே வாசிக்க வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் பழகிய கை அது. அதுபோக, இந்தியாவில் தொழில்முறை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்று ஒன்று மும்பையில் அமைந்ததே 2006-ல்தான். அதுவரை சென்னையில் நோட்ஸ் பார்த்து வயலினும் செல்லோவும் வாசித்த ஆட்களுக்குச் சோறு போட்டது சினிமா. கீபோர்டு வந்து அவர்களில் பலருடைய வேலையைப் பறித்தது உண்மை, அந்த வலி எனக்கும் உண்டு. ஆனாலும் 2000-ல் ஹே ராம் படத்துக்காக நம் ராஜா புடாபெஸ்ட் வரை போய் முழு ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்தார், அந்தச் செலவுக்குத் துணிந்ததும் ஒரு படம்தான்.

நேரமாகிறது என்று நடுவர் மணியைத் தொடுகிறார், இசையமைப்பாளர் கோர்ன்கோல்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன் ஐயா. வியன்னாவில் சிறுவயதிலேயே மேதை என்று பெயரெடுத்தவர், யூதர். 1938 தொடக்கத்தில் ராபின் ஹுட் படத்துக்கு இசையமைக்க ஹாலிவுட் போனார். அவர் அங்கே இருக்கும்போதே மார்ச் மாதம் ஹிட்லர் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது, வியன்னாவில் அவர் வீடு பறிபோனது. அந்தப் படம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று அவரே சொன்னார். போர் முடிந்ததும் தன் படங்களுக்குப் போட்ட மெட்டுகளை எடுத்து ஒரு வயலின் கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற இசை, எழுதினார், 1947-ல் வயலின் மேதை ஹைபெட்ஸ் வாசித்தார். சினிமா வாடை அடிக்கிறது என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். இன்று உலகத்தின் பெரிய வயலின் கலைஞர்கள் அதைத் தேடி எடுத்து வாசிக்கிறார்கள்.

அடுத்து எழுந்து வரப்போகிற எதிரணி அண்ணனுக்கு என் கேள்வி இதுதான். அந்தக் கான்செர்ட்டோவிலிருந்து சினிமாவுக்குச் சொந்தமானதைப் பிரித்து எடுத்துவிட்டால், கச்சேரி மேடையில் வாசிக்க என்ன மிச்சமிருக்கும்? அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள் அண்ணே, தீர்ப்பை நடுவர் ஐயா பார்த்துக்கொள்வார். நன்றி, வணக்கம்.