பழைய காரில் இன்ஜின் மாற்றுவது: இறக்கும் முன்னும், ஏற்றும்போதும்

[திரையில்: பானட் திறந்த பழைய கார். ஸ்பார்க் பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ்.]

பழைய கார் கொஞ்சம் புகை விட்டாலே "இன்ஜின் போச்சு, மாத்திடலாம்" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றலாம், வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஒரு போல்ட்டைக் கழற்றும் முன்பு, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். கேஜ் வாங்கிவிட்டால் அரை மணி நேர வேலை.

இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். இக்னிஷனையும் பெட்ரோல் வரத்தையும் துண்டித்துவிட்டு, கேஜை முதல் சிலிண்டரில் மாட்டுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி, முள் ஏறுவது நிற்கும் வரை செல்ஃப் அடியுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குப் போங்கள்.

பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் 120 முதல் 180 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை வரும். உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு என்பது அதன் மேனுவலில் இருக்கும். அதைவிட, சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம்தான் முக்கியம். மிகக் குறைந்த எண், மிக அதிகமான எண்ணில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது என்று பழைய மேனுவல்கள் பலவற்றில் போட்டிருப்பார்கள்.

ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் அதற்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கிறது. ஏறவே இல்லை என்றால் வால்வு பக்கம் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டுக்கும் இடையே அடைக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். வால்வும் ஹெட் கேஸ்கெட்டும் பெரும்பாலான கார்களில் ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்யும் வேலைகள். இன்ஜினை இறக்கவே வேண்டியதில்லை. நல்ல பிளாக்குகள் எத்தனையோ இந்த ஒரு டெஸ்ட் செய்யாததாலேயே பழைய இரும்புக்குப் போகின்றன. அதுதான் என் ஆதங்கம்.

சரி, ரிங் தேய்ந்துவிட்டது, அல்லது அடியிலிருந்து பேரிங் தட்டுகிறது, இறக்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

[திரையில்: கழற்றிய கனெக்டர்களில் எண் எழுதிய டேப்.]

முதலில் பேட்டரியின் நெகட்டிவ். அப்புறம் கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடியுங்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷம். நாய், பூனை நக்கிவிடும். ஏசி குழாயைத் திறக்காதீர்கள். கம்ப்ரஸரை மட்டும் கழற்றி, குழாயோடு ஓரமாகக் கட்டி வையுங்கள். கழற்றுகிற ஒவ்வொரு கனெக்டருக்கும் டேப் ஒட்டி எழுதுங்கள். போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கார் அடியில் போக வேண்டுமென்றால் ஸ்டாண்ட் போட்டுத்தான் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. இன்ஜின் தூக்கும் கிரேனின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். எந்த நீளத்துக்கு எவ்வளவு என்று கையிலேயே எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்று இன்ஜின் வெளியே இருக்கும்போதே பின்பக்கத்து ஆயில் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். உள்ளே ஏற்றியபிறகு அந்தச் சீல் கசிந்தால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

இனி வருவதுதான் பலரும் கெடுத்துக்கொள்கிற இடம்: இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பது.

மேனுவல் கியர் என்றால் கிளட்ச் பிளேட்டை அலைன்மென்ட் கருவி வைத்து நடுவில் நிறுத்திவிட்டு, அதன்பிறகே பிரஷர் பிளேட்டை இறுக்குங்கள். சேர்க்கும்போது கடைசி ஒரு சென்டிமீட்டர் மட்டும் மூடாமல் நிற்கும். அப்போது போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும், கிளட்ச் பிளேட்டும் வளையும். கியரில் போட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து இன்ஜினை லேசாகத் திருப்புங்கள். ஷாஃப்டின் பற்கள் பொருந்தியதும் கையால் தள்ளினாலே மூடிவிடும். அதுவரை எடை முழுவதையும் கிரேனும் ஜாக்கியும் தாங்க வேண்டும், கியர்பாக்ஸ் ஷாஃப்டில் தொங்க விடக் கூடாது.

ஆட்டோமேட்டிக் என்றால், கிளட்ச்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரை முதலில் கியர்பாக்ஸில் முழுக்க உட்கார வைக்க வேண்டும். உள்ளே தள்ளியபடியே சுற்றினால் 'டக்' 'டக்' என்று படிப்படியாக இறங்கும். ஹவுசிங் இன்ஜினோடு முழுக்கச் சேர்ந்தபிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா, பிரித்துவிட்டு மறுபடி உட்கார வையுங்கள். அப்படியே இறுக்கினால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடைந்துவிடும்.

[திரையில்: இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் எர்த் பட்டை.]

இந்தப் பட்டையைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் மின்சாரம் திரும்பிப் போக இதுதான் வழி. இதை மாட்ட மறந்து செல்ஃப் அடித்தால், அந்தப் பெரிய கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவோ கிளட்ச் கேபிள் வழியாகவோ போகப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகையும், உள்ளேயே உருகி ஒட்டியும் போகும். பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிய வைத்து மாட்டுங்கள்.

வேறு கார் இன்ஜினை ஏற்ற நினைக்கிறீர்கள் என்றால் கணக்கே வேறு. 1997 செவ்ரோலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் எல்எஸ்1 இன்ஜினை மாஸ்டா மியாட்டா மாதிரிச் சின்னக் காரில்கூட ஏற்றுகிறார்கள். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் சிறியது, அதனால்தான் அந்த வி8 அங்கே அடங்குகிறது. ஆனால் மவுண்டிங், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் வடிவம், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர், பிரேக், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வயரிங் என்று எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். கார்புரேட்டர் காரின் எரிபொருள் பம்ப் 4 முதல் 6 பிஎஸ்ஐதான் தரும். இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள் பலவற்றுக்கு 40-க்கு மேல் வேண்டும். பம்ப், குழாய், கிளிப் எல்லாம் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், பழைய ரப்பர் குழாய் அந்த அழுத்தத்தில் பிதுங்கித் தீப்பிடிக்கும். முதல் தடவை செய்கிறவர்கள் அதே மாடல் இன்ஜினையே போடுங்கள் என்பது என் கருத்து. எதைப் போட்டாலும் பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண்ணை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை பத்துப் பத்து வினாடியாக விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரட்டும். அப்புறம் எல்லாவற்றையும் இணைத்து ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். நிறுத்தி முழுக்க ஆறியபிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே சிக்கிய காற்று வெளியேறியிருக்கும், கூலன்ட் பெரும்பாலும் குறைந்திருக்கும். அதை நிரப்பி, ஆயில் அளவையும் பார்த்துவிட்டு, முதல் ஓட்டத்தை வீட்டைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள்.