ஏ-9ஐ விட்டு இறங்கினால்

வணக்கம் நேயர்களே. இன்றைக்குப் பேச்சு கிளிநொச்சியில் நடந்து ஊரை அறிவது பற்றியது. கதை பாரிஸில் தொடங்குகிறது.

1950களில் பாரிஸில் சில இளைஞர்கள் போக்கிடம் எதுவும் குறிக்காமல் நடந்து திரிந்தார்கள். தெரு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போவது, எந்தச் சந்தியில் மனம் கனக்கிறது, எந்த ஒழுங்கையில் லேசாகிறது என்று பார்த்துக்கொள்வது, இதுதான் அவர்கள் வேலை. கீ தெபோர் என்பவர் இதற்கு உளப்புவியியல் என்று பெயர் சொல்லி எழுதினார். 1957இல் பாரிஸ் வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, இடையிடையே சிவப்பு அம்புக்குறி போட்டு ஒரு புதுப் படமும் செய்தார்.

அவரை உலுக்கிய ஒரு ஆய்வுப் படம் உண்டு. பாரிஸ் மாணவி ஒருத்தி ஒரு வருடத்தில் போய்வந்த வழிகளையெல்லாம் கோடாகப் போட்டிருந்தார்கள். வந்தது ஒரு சின்ன முக்கோணம்: வீடு, கல்லூரி, பியானோ ஆசிரியர் வீடு. கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு அப்படி ஒன்று போட்டுப் பாருங்கள். வீடு, பள்ளிக்கூடம், ரியூசன். பாரிஸுக்கும் எங்களுக்கும் அவ்வளவு தூரமில்லை.

ஆனால் தெபோரின் அடுத்த யோசனை இங்கே செல்லாது. வழி தவறி நட என்கிறார். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது, பாதையை விட்டு ஒரு அடி விலகாதே என்பது. போர் முடிந்து பதினைந்து வருடம் கழிந்தும் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. அலைந்து திரிவதும் எங்களுக்குப் புதிதல்ல. 2008இன் கடைசியிலும் 2009இலும் சனம் உழவு இயந்திரப் பெட்டியில் மூட்டை முடிச்சு, கூரைத்தகடு எல்லாம் ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்ததும் அலைச்சல்தான். அதற்கு யாரும் கலை என்று பெயர் வைக்கமாட்டார்கள்.

ஆகவே கிளிநொச்சி இருக்கிற இந்த வன்னியில் தனியே தொலைந்துபோகிற நடை வேண்டாம். ஊர் தெரிந்த ஒரு அப்புவின் பின்னாலோ ஆச்சியின் பின்னாலோ நடக்கிற நடை வேண்டும்.

கிளிநொச்சி, யாழ்ப்பாணம் போகிற பெருந்தெருவான ஏ-9ஐ ஒட்டி நீண்டு கிடக்கிற நகரம். பஸ் யன்னலால் பார்ப்பவருக்கு வங்கி, போன் கடை, இராணுவம் எழுப்பிய போர் வெற்றி நினைவுச்சின்னம், இவ்வளவும் தெரியும். அந்தச் சின்னம் ஒரு கொங்கிரீட் கனசதுரம். எறிகணை துளைத்து வெடித்த பிளவு, மேலே ஒரு தாமரை. வெளியூரார் இறங்கிப் படமெடுப்பார்கள். ஊராருக்கு அதில் தாங்கள் எங்கே என்று தெரியாது. இன்னொரு இடத்தையும் நினைத்துப் பாருங்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கந்தசுவாமி கோயிலடியில் கொட்டகை போட்டுப் பிள்ளைகளின் படங்களோடு குந்தினார்கள். கலை செய்ய வந்தவர்கள் அல்லர். ஆனாலும் அந்தத் தெருவின் மனநிலையை மாற்றியது கொங்கிரீட் அல்ல, அந்தப் படங்கள்தான் என்பது என் எண்ணம்.

இனி ரோட்டை விட்டு இறங்குவோம். கரடிப்போக்குச் சந்தியால் திரும்பி வாய்க்கால் கரைக்குப் போனால் சத்தம் குறையும், இரணைமடுக் குளத்துத் தண்ணி எந்த வளவுக்கு முதலில் போகிறது, எதற்குக் கடைசியில் என்று தெரியவரும். கூட வருகிற அப்பு காட்டுவதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. "முந்தி சங்கக்கடை இருந்த இடம், அதுக்கு எதிர்ப்பக்கம்" என்பார். 155ஆம் கட்டை என்பார். ரோட்டைக் கிலோமீற்றரில் அளக்கத் தொடங்கியும் அந்த மைல் கணக்கு போகவில்லை. இல்லாத பொருளை வைத்து வழி சொல்கிற இந்தப் படம் எந்த நில அளவைத் திணைக்களத்திலும் கிடையாது.

யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் இடம்பெயர்ந்தவர்களிடம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை வரையச் சொல்லி, அவற்றை வைத்து 2011இல் ஒரு படைப்பைச் செய்தார். கோடு போட்டது சனம். அதே வருடம் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் கேண்டி சாங் என்ற கலைஞர் கைவிடப்பட்ட வீடொன்றின் சுவருக்குக் கரும்பலகை நிறமடித்து, "சாவதற்கு முன் நான்" என்று தொடங்கி, மிச்சத்தை வழிப்போக்கர் சோக்கால் எழுத விட்டார். மறுநாளே சுவர் நிறைந்துவிட்டது. பிறகு பல நாடுகளில் அப்படிச் சுவர்கள் வந்தன.

இங்கே அந்தக் கேள்வி வேண்டாம். சாவைப் பற்றி எங்களிடம் கேட்டது போதும். பஸ் நிலையப் பக்கம் ஒரு சுவரில் "இந்த இடத்தில் முந்தி என்ன இருந்தது?" என்று எழுதி, கீழே சோக்கும் ஒரு வாங்கும் வைத்தால் போதும். எழுதத் தெரியாத ஆச்சிக்குப் பேரப்பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். இரண்டு பேர் ஒரே இடத்தைப் பற்றி வேறு வேறாக எழுதுவார்கள், சண்டையும் வரும். சண்டை வந்தால் நல்லது.

மாரி மழை எல்லாவற்றையும் கழுவிவிடும். தையில் திரும்பக் கறுப்படிக்கலாம். அடுத்த கேள்வியை 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளே எழுதட்டும். அதற்குப் பதில் சொல்ல நாங்கள் வரிசையில் நிற்போம். நன்றி, வணக்கம்.