மின்ட் ஜூலெப்: கோடை விருந்துக்கு ஒரு கென்டக்கி பானம்

[காட்சி: வெண்பனி படர்ந்த வெள்ளிக் கோப்பை, மேலே புதினாக் கொத்து]

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரத்துச் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில், 1875 முதல் நடந்துவரும் டெர்பி குதிரைப் பந்தயம் வழக்கமாக மே மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று ஓடும். அங்கே கூடுவோர் கையில் தவறாமல் காணப்படும் பானம் மின்ட் ஜூலெப். போர்பன் விஸ்கி, சர்க்கரைப் பாகு, புதினா, ஐஸ் ஆகிய நான்கே பொருள்கள் கொண்ட இதன் சுவையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது விஸ்கியின் விலை அன்று, ஐஸைக் கையாளும் விதமே.

[காட்சி: உட்புறம் கரிந்த ஓக் பீப்பாய்]

போர்பன் எனப் பெயரிட வேண்டுமானால், தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்றும், வடித்த சாராயம் உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் கலனில் வைக்கப்பட வேண்டும் என்றும் அமெரிக்க விதிகள் கூறுகின்றன. மக்காச்சோளத்தின் இனிப்பும் கரிந்த மரம் தரும் வனிலா மணமும் சேர்வதால்தான் இது புதினாவோடு இவ்வளவு இணக்கமாகப் பொருந்துகிறது.

[காட்சி: துணிப்பையில் ஐஸ் நொறுக்கப்படுகிறது]

முதலில் பாகு. சர்க்கரையையும் நீரையும் சம அளவில் சூடாக்கி, சர்க்கரை கரைந்ததும் இறக்கிவிடலாம். கம்பிப் பதம் வேண்டியதில்லை. ஐஸைத் தடித்த துணிப்பையில் இட்டு மரச்சுத்தியலால் அடித்தால், உருகும் நீரைத் துணி உறிஞ்சிக்கொள்ள, ஐஸ் ஈரமின்றி உதிரியாக வரும். கோப்பையின் அடியில் எட்டுப் பத்துப் புதினா இலைகளை 15 மில்லி பாகுடன் மெல்ல அழுத்துங்கள். துவையலுக்கு அரைப்பதுபோல் நசுக்கினால் கசப்பு இறங்கிவிடும். மணம் எழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு 60 மில்லி போர்பன் ஊற்றி, பாதியளவு ஐஸ் இட்டுக் கிளறி, எஞ்சிய ஐஸைக் குவித்து வையுங்கள்.

[காட்சி: கோப்பையின் வெளிப்புறம், மிக அருகில்]

இப்போது கோப்பையைக் கவனியுங்கள். சாராயமும் சர்க்கரையும் கலந்த நீரின் உறைநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கிவிடுவதால், ஐஸ் உருகிக்கொண்டே தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ள, பானம் 0 டிகிரியைவிடக் குளிர்ந்துபோகிறது. உலோகம் அந்தக் குளிரை உடனே வெளியே கடத்த, காற்றிலுள்ள ஈரம் கோப்பையின்மேல் வெண்பனியாக உறைகிறது. உள்ளங்கையால் பற்றினால் பனி கலைந்துவிடும் என்பதால், விளிம்பையோ அடிப்பகுதியையோ பிடிப்பதே வழக்கம். வெள்ளிக் கோப்பை இல்லையென்றால் மெல்லிய எவர்சில்வர் டம்ளர் போதும். கண்ணாடியில் இந்த அழகு எளிதில் வராது.

புதினாக் கொத்தை உள்ளங்கையில் ஒருமுறை தட்டி, குட்டையான ஸ்ட்ராவுக்குப் பக்கத்தில் செருகுங்கள். குனிந்து உறிஞ்சும்போது மூக்கு இலைகளுக்குள் புதைய வேண்டும். ஸ்ட்ரா நீளமாக இருந்தால் அது நடக்காது.

[காட்சி: விருந்து மேசை]

நொறுக்கிய ஐஸ் விரைவாக உருகும் என்பதால், 50 சதவீத ஆல்கஹால் கொண்ட போர்பன் கடைசி மிடறு வரை சுவை நீர்த்துப்போகாமல் நிற்கும் என்பது என் கணிப்பு. ஆனால் அந்த 60 மில்லியில், அமெரிக்காவில் ஒரு பானத்துக்கு வகுத்துள்ள 14 கிராம் ஆல்கஹாலைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கிறது. குளிர்ச்சியும் இனிப்பும் அதை மறைத்துவிடுவதால் விருந்தளிப்பவர்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் பெரிதானால் பாகு ஆறுவதற்குள் புதினாவை அதில் ஊறப்போட்டு, வடிகட்டி, குளிர்பெட்டியில் முந்தைய நாளே வைத்துவிடலாம். புளிப்பை விரும்புவோருக்கு எலுமிச்சைத் துண்டுகளையும் சேர்த்து நசுக்கினால் அது விஸ்கி ஸ்மாஷ் ஆகிவிடும். வண்டி ஓட்டிச் செல்பவருக்குப் போர்பனை விட்டுவிட்டு, அதே புதினாப் பாகில் எலுமிச்சைச் சாறும் சோடாவும் ஊற்றி, அதே உலோகக் கோப்பையில் ஐஸைக் குவித்துக் கொடுங்கள்.