திண்ணை இருந்த பட்டணம்

(சென்னை தின வாரத்தையொட்டி, முத்தியால்பேட்டைக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வரவேற்புரை ஆற்றிய நூலகர் அம்மா அவர்களே, கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் வணிகர் சங்கப் பெரியவர்களே, லோடு இறக்கி முடித்த கையோடு சட்டை மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோழர்களே, மாணவ மாணவியரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். இன்று காய்ச்சலோடு வந்திருக்கிறார். மாமன்ற உறுப்பினர் அம்மாவுக்கு வேறு இரண்டு கூட்டம் இருக்கிறது. என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நன்றி. பொன்னாடை வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, நூலகர் அம்மா ஒரு கதர்த் துண்டு கொடுத்தார். வெயிலில் தலையில் போட்டுக்கொள்ளலாம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இந்தப் பழமொழியை இன்று நான் பலமுறை சொல்வேன்.

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இந்தப் பட்டணம் எப்படி உண்டானது, தெருப் பெயர்களுக்குள் என்ன இருக்கிறது, மூன்றாவது சௌகார்பேட்டைச் சாப்பாடு.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே இடம் வாங்கினார்கள், அடுத்த வருஷம் கோட்டை எழும்பியது. இதெல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும். கோட்டைக்கு வெளியே நெசவாளர்களும் வணிகர்களும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களும் குடியேறிய ஊருக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் கறுப்பர் நகரம். அந்த முதல் ஊர் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இல்லை. இன்றைக்கு உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் இடத்தில் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் திரும்பக் கிடைத்ததும் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பயம் வந்தது. எதிரி வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கோட்டையைச் சுட்டால் என்ன செய்வது? பிரெஞ்சுக்காரர்கள் இடித்தது போக மிச்சமிருந்ததை இவர்கள் இடித்தார்கள். வீடு போனது, கடை போனது, சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று பூக்கடைப் பக்கம் பெருமாளுக்கும் மல்லீசுவரருக்கும் புதிதாகக் கோயில் எழுப்பினார். பட்டணம் கோயில் என்று நாம் சொல்வது அதைத்தான்.

இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் வீடு கட்டக் கூடாது என்று எல்லை குறிக்கக் கல் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக இன்னும் நிற்கிறது. தினமும் பிராட்வேயில் பஸ் இறங்கும் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம்? கை தூக்கச் சொல்லவில்லை. நாளைக்குப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

விரட்டப்பட்டவர்கள் வடக்கே வந்து முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் ஊரைப் பெருக்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஆத்தாப்பள்ளம் என்று ஒரு தாழ்ந்த வாய்க்கால் நிலம் கிடந்தது. பாப்பம் என்ற வெள்ளைக்கார வழக்கறிஞர் அதைத் தூர்த்து வீதியாக்கினார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் பெயரை இந்த இடத்துக்கு வைத்தார்கள். கறுப்பர் நகரம் என்ற பெயர் ஒழிந்தது, ஜார்ஜ் டவுன் வந்தது.

இனி தெருப் பெயர். அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எங்கே என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அங்கே அரண்மனையே கிடையாது. அர்மீனியன் தெரு நம் வாயில் அப்படி ஆனது. எங்கிருந்தோ வந்த அர்மீனிய வணிகர்கள் அங்கே கட்டிய மாதா கோயில் இருக்கிறது. உள்ளே போனால் வெயில் சட்டென்று விலகும், கல்லறைக் கற்களின் மேல்தான் நடந்து போக வேண்டும். உலகத்திலேயே முதல் அர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் வெளிவந்தது அவர்கள் நாட்டில் இல்லை, நம் சென்னையில். நடத்தியவர் அந்தக் கோயிலின் பாதிரியார். இன்னொரு மொழிக்காரனின் முதல் பத்திரிகைக்கு இடம் கொடுத்த ஊர் இது.

தங்கசாலை என்றால் நாணயம் அடித்த இடம். பவழக்காரத் தெரு பவழம் விற்றவர்களுடையது. ஹைதர் அலி வந்துவிடுவானோ என்ற பயத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டி, செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்கப் பார்த்தார்கள். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்று பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஏழுகிணறு கோட்டைக்கே தண்ணீர் கொடுத்தது. அதே ஏழுகிணற்றில் வீராசாமிப் பிள்ளை தெருவில் வள்ளலார் சிறுவனாக வளர்ந்தார். அங்கிருந்து கந்தகோட்டம் முருகன் கோயிலுக்கு நடந்து போய் 'ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற' என்று பாடினார். சைவ முத்தையா முதலி தெருவில் 1912இல் கணிதமேதை ராமானுஜன் குடியிருந்தார். துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளம். கும்பகோணத்து வீட்டில் அவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டார் தெரியுமா? திண்ணையில்.

இங்கேதான் என் விஷயத்துக்கு வருகிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும். எனக்கு அது தெரிந்தது 1976இல், சித்திரை மாதம், பதினோரு வயதில்.

அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க அப்பா என்னைச் செய்யாற்றிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். ஆண்டர்சன் தெரு. அட்டை, காகிதம், மை வாசனை. "இங்கேயே நில்லுடா, நகராதே" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே விலை பேசப் போனார். நான் நின்றேன். ஒருத்தர் கலர்க் காகிதக் காத்தாடிகளைக் கழியில் செருகிக்கொண்டு வந்தார். காற்றடித்தது, அத்தனையும் ஒன்றாகச் சுற்றியது. அவர் பின்னாலேயே போனேன். ஒரு திருப்பம், இரண்டு திருப்பம். அப்புறம் காத்தாடிக்காரரும் இல்லை, ஆண்டர்சன் தெருவும் இல்லை.

காலில் செருப்பு கிடையாது. தார் உருகிக் காலில் ஒட்டுகிறது. ஒரு வண்டி நிழலில் நிற்பேன், வண்டி நகரும், அடுத்த வண்டிக்கு ஓடுவேன். அப்படி ஓடி ஓடி லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் போய் விழுந்தேன். சிவப்புத் தளம், ஜில்லென்று இருந்தது. ஏற்கெனவே மூன்று பேர் அங்கே இருந்தார்கள். ஒரு கைவண்டிக்காரர் துண்டை விரித்துத் தூங்குகிறார். சாணை பிடிக்கிறவர் பீடி பற்ற வைக்கிறார். கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருத்தர் தயிர்சாதம் சாப்பிடுகிறார். அந்த மூன்று பேரில் ஒருத்தர்கூட அந்த வீட்டுக்காரர் இல்லை.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல். "யார் வீட்டுப் பிள்ளைடா நீ?"

நான் அழுதுகொண்டே செய்யாறு என்றேன்.

"செய்யாறு பூராவும் உங்க வீடா? அப்பா பேரைச் சொல்லு."

சொன்னேன். ஒரு பாட்டி வெளியே வந்தார். பித்தளைச் சொம்பில் நீர்மோர், பெருங்காயம் தூக்கலாக. நான் குடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. குடித்து முடித்ததும் திண்ணையில் இருந்தவர்களுக்கு உத்தரவு போட ஆரம்பித்தார். "ஏம்ப்பா, தூங்கினது போதும், எழுந்திரு. நீ பாரிமுனைப் பக்கம்தானே போறே? இந்த அப்பா பேரைக் கூப்பிட்டுக்கிட்டே போ. சாணைக்காரரே, நீங்க பூக்கடைப் பக்கம். ஐயா, நீங்க சாப்பிட்டுட்டு ஆண்டர்சன் தெருவுல ஒரு எட்டு பாருங்க." எடுபிடிப் பையன்களைப்போல மூன்று பேரும் கிளம்பினார்கள்.

இரண்டு மணி நேரம். அப்புறம் தெருமுனையில் கைவண்டி வருகிறது. வண்டிக்காரர் இழுக்கிறார், பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறவர் என் அப்பா! இத்தனை பேர் வாயில் தன் பெயரைக் கேட்டு நிலைகுலைந்து, வெயிலில் ஓடி, வேட்டி முழுக்கத் தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பாட்டி அவருக்கும் மோர் கொடுத்தார். என்ன சாதி, என்ன ஊர்க்காரர் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் அப்பா முதல் பத்திரிகையை எங்கள் ஊர்ப் பிள்ளையார் முன்னால் வைத்தார். இரண்டாவதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பாட்டி கல்யாணத்துக்கு வரவில்லை, முட்டி வலி. மொய் வந்தது, 11 ரூபாய் மணியார்டர்.

விதி பாருங்கள், பிற்காலத்தில் அதே லிங்கிச் செட்டித் தெருவில்தான் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. பாட்டி காலமாகி, வீடு கைமாறி, ஒரு நாள் காலை நான் ஆபீஸ் போகும்போது திண்ணையில் கடப்பாரை விழுந்துகொண்டிருந்தது. தேக்குத் தூண்களைத் தனியாக லாரியில் ஏற்றினார்கள், அதற்கு விலை உண்டு. திண்ணைக்கு விலை இல்லை, அது குப்பை. நான் ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். இதோ, கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து கைமாற்றிப் பாருங்கள்.

திண்ணையின் ஒரு ஓரத்தில் சாய்வாக எழுப்பியிருப்பார்களே தலையணை, அதன் துண்டு இது. உள்ளே பட்டைச் செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதற்கு மேல் காவி. நடுவில் மட்டும் கண்ணாடிபோலப் பளபளக்கிறது, விரலால் தடவிப் பாருங்கள். யாரும் பாலிஷ் போடவில்லை. எத்தனையோ வருஷம் வழிப்போக்கர்களின் எண்ணெய்த் தலை பட்டுப் பட்டு வந்த மினுமினுப்பு அது. முன்பின் தெரியாதவன் தலைவைத்துப் படுக்க, வீடு கட்டும்போதே தலையணையும் கட்டிய ஊர் ஐயா இது!

ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்து 1797இல் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். நம் ஊரில் அதற்கு என்ன பெயர்? திண்ணைப் பள்ளிக்கூடம். புரட்டாசிக்குத் திருப்பதிக் குடை கிளம்புகிறது, சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து. குடை யானைக்கவுனி தாண்டும்வரை தெருவே திரண்டு நிற்கும். அந்தக் கூட்டம் ஒதுங்கி நின்றதும், பானகமும் மோரும் வாங்கிக் குடித்ததும் திண்ணையில்தான்.

வீட்டுக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குப் பதினாறு பங்காளிகள். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய பாணிக் கூரை ஒழுகினால் செப்பனிடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. இடித்து ஷட்டர் போட்டால் குடோன் வாடகை வருகிறது. மனிதன் என்ன செய்வான்? அதனால்தான் அரசாங்கம் கைகொடுக்க வேண்டும் என்கிறேன். மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, மனுவை மேடையிலேயே தருகிறேன். கேட்பது இரண்டுதான். ஜார்ஜ் டவுனில் பழைய வீட்டை இடிக்க அனுமதி கொடுக்கும் முன் அளவெடுத்துப் படம் பிடித்து வைக்க வேண்டும். திண்ணையை இடிக்காமல் வழிப்போக்கர் உட்கார விட்டுவைத்திருக்கும் வீட்டுக்குச் சொத்துவரியில் சலுகை வேண்டும். கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. அதன் பிறகும் இங்கே லோடு குறையவில்லை. மீன்பாடி வண்டி ஓட்டும் தோழர் மதியம் எங்கே உட்காருகிறார்? வண்டிக்கு அடியில். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது எனக்கும் உங்களுக்கும் பழமொழி, அவருக்குத் தினப்படி வாழ்க்கை.

அம்மா வாங்கிக்கொண்டார்கள். நன்றி அம்மா. கைதட்டுங்கள்.

சௌகார்பேட்டைச் சாப்பாட்டைப் பற்றிப் பேச நேரம் இல்லை. கச்சோரியும் முறுக்கு சாண்ட்விச்சும் எங்கும் போய்விடாது, நேராகப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம். வாசலில் மேஜை மேல் மனுவின் நகல் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கந்தகோட்டம் வாசலில் கூடுகிறோம். கடைகள் திறப்பதற்குள் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, பவழக்காரத் தெரு மூன்றிலும் மிச்சமிருக்கும் திண்ணைகளை எண்ணப் போகிறோம். மாணவர்கள் நோட்டும் அளவு டேப்பும் கொண்டுவாருங்கள். பெரியவர்கள் வீட்டில் பழைய வாசல் போட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பின்பக்கம் எழுதி வாருங்கள்.

அந்தத் தலையணைத் துண்டு இப்போது யாரிடம் இருக்கிறது? கடைசி வரிசையிலா? சரி, அவசரம் இல்லை, பார்த்துவிட்டுக் கொடுங்கள். வணக்கம்.